அத்தை கட்டிய மஞ்சள் முடிச்சு

எனக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது என்னை உளவு வேலைக்கு ஆள் எடுத்தார்கள். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஓசூரில் கார்களுக்கு ஒயர் கட்டு தயாரிக்கும் கம்பெனியில் லைனில் நிற்கிறவளுக்கு என்ன உளவு வேலை என்கிறார்கள். எனக்கும் அன்றைக்குச் சிரிப்புதான் வந்தது. ஆள் எடுத்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கிற நாள். எனக்குப் பரிசோதனை முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து முட்டை பப்ஸ் தின்றுகொண்டிருந்தேன். அத்தையிடமிருந்து போன் வந்தது. அத்தை என்றால் என் மாமியார். குருபரப்பள்ளியில் ஹைவே ஓரம் எங்களுக்கு ஒரு டிபன் கடை இருக்கிறது, அதை நடத்துகிறவர் அவர்தான்.

"இன்னும் டாக்டரம்மா வரலத்த. பெரிய வரிசை. நின்னு நின்னு கால் கடுக்குது" என்று வாயிலிருந்த பப்ஸை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு சொன்னேன். எனக்கு வேண்டியது கொஞ்ச நேரம் தனிமை, அவ்வளவுதான்.

பெஞ்சின் மறுமுனையில் ஒரு அம்மாள் மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். பருத்திச் சேலை, காலில் ஓடுகிறவர்கள் போடுகிற ஷூ. என் பக்கம் திரும்பாமலே, "நல்லாப் பொய் சொல்ற கண்ணு. குரல் கூட நடுங்கல" என்றார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இவர் சொன்னது பரீட்சையில் மார்க் போட்ட மாதிரி இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது. ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டார். நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆள் வேண்டும். எல்லாவற்றையும் கொட்டினேன்.

மூத்தவள் பெண். இரண்டாவது என்ன என்று தெரிந்துகொள்ள அத்தை ஆசைப்படுகிறார். "அந்த ஸ்கேனுக்குப் போலாம்" என்று தினமும் ஆரம்பிக்கிறார். எங்கள் பக்கம் ஸ்கேன் வேறு, அந்த ஸ்கேன் வேறு. அதில் பெண் என்று தெரிந்தால் அடுத்தது கலைப்புதான். அந்த ஸ்கேன் எந்த ஆஸ்பத்திரியிலும் எடுப்பதில்லை. எங்கே எடுப்பார்கள் என்று கூட்டிப்போகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். கூட்டிப்போகிறவள் எங்கள் கடைக்கே டீ குடிக்க வருகிறாள். வீடு வீடாகத் தவணைக்குச் சேலை விற்கிறவள். சேலையைப் பிரித்துக் காட்டிக்கொண்டே எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள் என்று பார்த்துக்கொள்வாள்.

ஹெல்மெட் அம்மாள் குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் முடித்ததும் ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாயை என் கையில் வைத்தார். "அடுத்த தடவ உங்க அத்த கேட்டா, சரி போலாம்னு சொல்லு" என்றார்.

அவர் யார் என்பது எனக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது. அரசாங்கம் என்றார். எந்த ஆபீஸ் என்று கேட்டால், "அரசாங்கந்தான்" என்று மறுபடியும் சொன்னார். ஒருவேளை இவரே ஏமாற்றுக்காரியோ என்று சந்தேகப்பட்டு நர்ஸிடம் விசாரித்தேன். நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவங்களப் பத்தி யார்கிட்டயும் கேக்காத" என்று சொல்லி, வழக்கத்தைவிடக் கூடுதலாக ஒரு அட்டை சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

பூக்காரியிடம் தெலுங்கில் பேரம் பேசுவார். அத்திப்பள்ளி பஸ் கண்டக்டரிடம் கன்னடத்தில் சில்லறை கேட்பார். என்னிடம் எங்கள் ஊர்த் தமிழ். எது அவர் வீட்டு மொழி என்று கண்டுபிடிக்க நான் படாத பாடு பட்டேன். அடிபட்டால் தாய்மொழியில்தான் கத்துவார்கள் என்பார்கள். ஒருநாள் ஸ்கூட்டர் அவர் கால் மேலேயே சாய்ந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை நிமிர்த்தினார், வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஜூஜுவாடியில் என்னை இறக்கிவிடும் நாட்களில், அங்கே ஒரு பேக்கரியில்தான் பாடம் நடக்கும். லாரிகள் போகிற சத்தத்தில் பக்கத்து மேஜைக்கு எதுவும் கேட்காது.

"பயந்த மாதிரி நடிக்காத. நெசமாவே பயந்துக்க. அங்க போனா தானா வரும்."

"சரிங்க மேடம்."

"வழியப் பாக்காத. எந்த ரோடு, எந்த போர்டுன்னு கண்ணு அலஞ்சா கண்டுபிடிச்சுடுவாங்க. முக்கியமா கேள்வி கேக்காத. உன்கிட்ட இருக்கற ஒரே குறை அதுதான்."

"மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவாங்க மேடம்?"

"பாத்தியா, கேக்கற" என்றார். பிறகு அவரே சொன்னார். முன்பு ஒரு பெண்ணைச் சந்தேகப்பட்டு பாதி வழியில் வேனிலிருந்து காட்டுப் பாதையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்களாம். செருப்புகூட இல்லாமல் நடந்து வந்தாளாம். அவளும் வயிற்றுப்பிள்ளைக்காரி. டீயைத் தள்ளிவைத்தேன்.

அப்படியானால் என்னைப்போல் வேறு பெண்களும் இருக்கிறார்கள். எத்தனை பேர், யார் யார் என்று கேட்டுப் பயனில்லை. ஒருநாள் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் வாயில் பெப்பர்மிண்ட் வாசனை. என் வாயிலும் அதே வாசனை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம், உடனே ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அவள் சும்மா மிட்டாய் தின்ற யாரோவாகவும் இருக்கலாம். இப்போதும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் என் கண் அவளைத் தேடுகிறது.

இவ்வளவு ஏன் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அதற்கு மட்டும் பதில் சொன்னார். "இங்க ஒரு சண்டை நடக்குது கண்ணு. குண்டு வெடிக்கல, சத்தம் வரல, அதனால யாருக்கும் தெரியல. உன் மூத்தவ போற பால்வாடிக்குப் போய் ஒருநாள் நின்னு பாரு."

போய் நின்றேன். சோற்றுக்கு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பையன், பையன், பையன், என் பெண், மறுபடியும் பையன்கள். தினமும் போய்க் கூட்டிவருகிற இடம்தான். நான் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

முதலில் அவர் போட்ட திட்டத்தில் அத்தை இல்லை. அவரே என் மாமியாராக வருவதாக இருந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். சேலைக்காரம்மா தினமும் எங்கள் கடையில் டீ குடிப்பவள், அத்தையின் குரலைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவாள். அதோடு அந்தத் தொழிலில் ஒரு நடைமுறை இருந்தது. என்ன பிள்ளை என்று வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் சொல்லவே மாட்டார்கள். கூட்டிவந்த பெரியவளைத் தனியே அழைத்து அவள் காதில்தான் சொல்வார்கள். வயிறு யாருடையது என்பது அவர்களுக்குக் கணக்கே இல்லை.

ஹெல்மெட் அம்மாள் மேஜையில் கிடந்த பிஸ்கட் துண்டைத் தட்டிக்கொண்டே யோசித்தார். "அப்போ உங்க அத்தையே வரட்டும். ஒண்ணும் தெரியாமலே வரட்டும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அத்தை கெட்டவர் இல்லை. நான் ஷிப்ட் முடிந்து வந்தால் காலுக்கு வெந்நீர் வைத்துத் தருவார். கம்பெனி பஸ் டிரைவர் நான் ஏறுவதற்குள் ஹாரன் அடித்தான் என்று தோசைக் கரண்டியோடு போய்ச் சண்டை போட்டவர். என் வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட். பகலெல்லாம் தூங்கி, எழுந்ததும் அம்மா சொன்னால் சரி என்பார். அந்த வீட்டில் எனக்காகச் சத்தம் போட்ட ஒரே ஆள் அத்தைதான். அவரையே கொண்டுபோய்ப் பொறியில் வைப்பதா?

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. ஜெயிலு கியிலுன்னு வந்தா நான் வரமாட்டேன்" என்றேன்.

"அவங்களச் சாட்சியாத்தான் வெச்சுக்கப் பாப்பேன். ஆனா ஒண்ணு, அவங்க வாயில என்ன வருதோ அதப் பொறுத்துதான் எதுவும் சொல்ல முடியும்."

பொய்யாகவாவது ஆகட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால்தான் அவரை நம்பினேன். அதனால்தான் பயமும் வந்தது.

அதே நாளில் இன்னொரு பேச்சும் வந்தது. எங்கள் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சியை ஊர் எல்லை தாண்டிப் புது இடத்துக்குக் கூட்டிப்போனால் வேப்பிலை, ஒரு துண்டு இரும்பு, விரலி மஞ்சள் மூன்றையும் மஞ்சள் துணியில் முடிந்து இடுப்பில் கட்டுவார்கள். மூத்தவளைச் சுமந்தபோது அத்திப்பள்ளிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம், அன்றைக்கு அத்தை கட்டிய முடிச்சு என் இடுப்பைக் குத்தியே எடுத்துவிட்டது. இதை நான் சும்மா வம்புக்குத்தான் சொன்னேன். அவர் நிமிர்ந்தார்.

"ஸ்கேனுக்குப் படுக்கும்போது அதக் கழட்டணுமே?"

"கழட்டித்தான் ஆகணும்."

"கழட்டினா?"

"அத்த கையிலதான் குடுக்கணும். தரையில வைக்கக் கூடாது. மறுபடியும் கட்டற வரைக்கும் அவங்கதான் வெச்சிருப்பாங்க."

முதல் தடவையாக அந்த அம்மாள் சிரித்தார். சிரித்தால் இளமையாகத் தெரிந்தார். எதற்குச் சிரித்தார் என்று எனக்குப் புரியவில்லை.

போகிற நாளுக்கு முன்பு ஒரு சின்னப் பொருளைக் கொடுத்தார். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. பேசுவதைப் பதிந்துகொள்ளும், நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்கும் காட்டிக்கொடுக்கும் என்றார். அதை எங்கே வைக்க வேண்டும் என்று அவர் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சிரிப்பும் புரிந்தது.

காலையில் அத்தை குளித்து, ஈரத் தலையோடு கடைக்குப் பின்னாலிருந்த மரத்தில் கொழுந்து வேப்பிலையாகப் பார்த்து ஒடித்து வந்தார். முடிச்சைக் கட்டும்போது வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டார். "வயித்துல இருக்கறதுக்கு ஒரு கெடுதலும் வராது" என்று என் இடுப்பைத் தடவினார். பிறகு பாத்ரூமுக்குள் போய் நான் அந்த முடிச்சை அவிழ்த்து, வேப்பிலைக்கு நடுவே அந்தப் பொருளைச் செருகி, மறுபடியும் அவர் கட்டியிருந்தது மாதிரியே கட்டினேன். ஒயர் கட்டிப் பழகிய கை, வித்தியாசம் தெரியவில்லை.

ஹைவே ஓரமாக வேன் வந்து நின்றது. சேலைக்காரம்மா முன் சீட்டில் இருந்தாள். போன்களை அணைத்து ஒரு பையில் வாங்கிக்கொண்டார்கள். டிரைவர் தடித்த ஆள், எங்கள் பைகளைக் கொட்டிப் பார்த்தான். டிபன் பாக்ஸைத் திறந்து மோந்துகூடப் பார்த்தான். என் இடுப்பில் துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்து அது என்ன என்று கையை நீட்டினான்.

"அதத் தொடாதப்பா" என்றார் அத்தை. "புள்ளத்தாச்சி இடுப்புல கட்டினது. அடுத்தவங்க கை பட்டா உனக்குந்தான் ஆவாது."

அவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு வேட்டியில் துடைத்தான். எத்தனையோ வயிறுகளைக் கொண்டுபோய் விட்டவனுக்கு இந்த முடிச்சின் மேல் பயம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆச்சரியப்படுகிற நேரமா அது என்றும் தோன்றியது.

வேனில் இன்னொரு மாமியாரும் மருமகளும் இருந்தார்கள். அஞ்செட்டிக்கு அப்பால் ஏதோ மலைக் கிராமம். அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. ஜன்னல் திரை மூடியிருந்ததால் புழுக்கத்தில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். நடுவில் என் கையைப் பிடித்து, "வலிக்குமாக்கா?" என்று கேட்டாள். ஸ்கேனைக் கேட்டாளா அதற்கு அடுத்ததைக் கேட்டாளா என்று தெரியவில்லை. "ஒண்ணும் ஆவாது" என்றேன். அவளுக்கு இன்றைக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும், அவளிடம் சொல்ல முடியாது. அது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

வழியைப் பார்க்காதே என்று சொல்லியிருந்ததால் மடியையே பார்த்துக்கொண்டு வந்தேன். என் வாழ்க்கையில் நான் கேள்வி கேட்காமல் இருந்த மிக நீண்ட பயணம் அதுதான். வேன் நின்ற இடத்தில் பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜாத் தோட்டத்துப் பாலிஹவுஸ், அதன் பின்னால் பூசாத செங்கல் வீடு. உள்ளே ஒரு கட்டில், பள்ளிக்கூடப் பையிலிருந்து எடுத்த மெஷின், முகமூடி போட்ட ஒரு ஆள். அவன் என் முகத்தையே பார்க்கவில்லை.

முடிச்சை அவிழ்த்து அத்தை கையில் கொடுத்துவிட்டுப் படுத்தேன். வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவினான். மெஷினின் திரை சுவர்ப் பக்கமாகத் திரும்பியிருந்தது. நான் கழுத்தை நீட்டினேன். கண்ணாடி போட்ட அவன் முகத்தில் ஏதாவது தெரியுமா என்று பார்த்தேன். அவன் கண்ணாடியில் சாம்பல் நிறமாக ஏதோ அசைந்தது. அது என் பிள்ளை. அங்கே இருந்த எல்லோருக்கும் என் பிள்ளையைப் பற்றித் தெரியப்போகிறது, எனக்கு மட்டும் தெரியாது. அழுகை வந்தது. நடிப்பு இல்லை.

எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அத்தையைப் பின்வாசலுக்குக் கூட்டிப்போனார்கள். கட்டிலில் இருந்தபடி ஜன்னல் வழியாக அத்தையின் முதுகு தெரிந்தது. சேலைக்காரம்மா குனிந்து காதில் பேசினாள். அத்தையின் தோள் ஒருமுறை இறங்கியது. மஞ்சள் முடிச்சை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். பிறகு அவரும் ஏதோ சொன்னார். தலை அசைந்தது தெரிந்தது. வார்த்தை கேட்கவில்லை.

உடனே ஜீப் சத்தம் கேட்டது. மெஷின்காரன் பின்பக்கம் ஓடிப் பாலிஹவுஸுக்குள் பாய்ந்தான். ரோஜாத் தோட்டத்தில் போய் ஒளிகிற புத்திசாலியை அன்றுதான் பார்த்தேன். கை கால் முகமெல்லாம் கீறலோடு இழுத்து வந்தார்கள். ஹெல்மெட் அம்மாள் தலையில் ஹெல்மெட்டோடே உள்ளே வந்தார். நேராக அத்தையிடம் போய்க் கையை நீட்டினார். "அந்த முடிச்சக் குடுங்கம்மா."

அத்தை அவரைப் பார்த்தார், முடிச்சைப் பார்த்தார், பிறகு கட்டிலில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கொடுத்துவிட்டார்.

அரசாங்க ஜீப்பில்தான் திரும்பினோம். அத்தை வழியெல்லாம் என்னோடு பேசவில்லை. எங்கள் ஊர் எல்லை வருவதற்கு முன்பு ஜீப்பை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய் ரோட்டோர மரத்தில் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்தார். தன் முந்தானை ஓரத்தைக் கிழித்து அதில் முடிந்து, "வெறும் இடுப்போட வரக் கூடாது" என்று என் இடுப்பில் கட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை. நான் அழுதேன், அவர் அழவில்லை.

அத்தையைச் சாட்சியாக வைத்துக்கொண்டார்கள். ஹெல்மெட் அம்மாள் ஒருநாள் கடைக்கு வந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அத்தையோடு வெகுநேரம் பேசினார். ஷட்டருக்கு வெளியே நின்று, அடியில் தெரிந்த இரண்டு ஜோடிக் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு நான் தவித்தேன். அதற்குப் பிறகு வீட்டில் ஸ்கேன் என்ற பேச்சே எழவில்லை.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பேக்கரிக்குப் போய், "என்ன புள்ளன்னு சொன்னாங்க மேடம்?" என்று கேட்டேன்.

"அதச் சொல்லக் கூடாதுன்னுதான் சட்டம். அதுக்குத்தான இவ்வளவு பாடு" என்றார்.

"அத்த என்ன சொன்னாங்க?"

மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். "உங்க அத்தையையே கேளு."

அத்தையைக் கேட்டேன். தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "மாவு பொங்குது பாரு, போயி வேற குண்டானுக்கு மாத்து" என்றார். அடுத்த வாரமும் கேட்டேன். அன்றைக்குச் சட்னி.

பிள்ளை பிறந்தது. பெண். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது என் வீட்டுக்காரருக்கு முன்னால் கையை நீட்டியவர் அத்தைதான். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு இது புதுச் செய்தி இல்லை. அன்று அவர் காதில் என்ன சொன்னார்கள் என்பது எனக்கும் இப்போது தெரிந்துவிட்டது. அதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்பதுதான் தெரியாது. ஒரு தலையசைப்பைத்தான் பார்த்தேன். எந்தப் பக்கம் அசைந்தது என்று நினைவில் தோண்டித் தோண்டிப் பார்த்தும் பிடிபடவில்லை.

உளவு வேலை முடிந்துவிட்டது என்று யார் சொன்னது? வீட்டுக்குள் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அத்தை பாப்பாவைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டும்போது தண்ணீர் சூட்டை முழங்கையால் பார்க்கிறாரா என்று பார்ப்பேன். பார்ப்பார், ஒன்றுக்கு இரண்டு தடவை. பாப்பா அத்தையின் இடுப்பை விட்டு இறங்காது. கடையில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து வருகிற லாரி டிரைவர்களுக்கெல்லாம் டாட்டா காட்டும். சாயங்காலம் நான் ஷிப்ட் முடிந்து வந்து தூக்கினால் அத்தையைப் பார்த்து அழும்.

இதற்கிடையில் கடை முன்னால் அந்த ஸ்கூட்டர் அவ்வப்போது நிற்பதைக் கவனித்தேன். டீ கொடுக்கும்போது அத்தை இரண்டு வார்த்தை பேசுவார், ஹெல்மெட் அம்மாள் தலையாட்டிவிட்டுப் போவார். எதற்கு வருகிறார் என்று கேட்டால், "வாடிக்கைக்காரங்க" என்றார் அத்தை, என்னைவிட நன்றாகப் பொய் சொன்னார். ஹைவேயில் எந்த வேன் எந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போகிறது என்று டிபன் கடையைவிட யாருக்குத் தெரியும்? எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது.

வழக்கு இந்த வருடம்தான் கிருஷ்ணகிரி கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. பதிவில் இருக்கும் குரலை அடையாளம் சொல்ல எனக்குச் சம்மன் வந்தது. காலையில் அத்தையும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பாப்பா இடுப்பில் மஞ்சள் முடிச்சு இருந்தது. கோர்ட்டுக்கு எதற்கு இது என்றேன். "நாலு பேர் கண்ணு படற எடம்" என்றார்.

வெளியே அவர்களை உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். கூண்டில் ஏறினேன். மேஜை மேல் இருந்த சின்ன ஸ்பீக்கரைப் போட்டார்கள். முதலில் இலை சலசலத்தது. வேப்பிலை. பிறகு சேலைக்காரம்மாவின் குரல், மிக மெதுவாக, "பொட்டப்புள்ளதாம்மா" என்றது.

சலசலப்பு நின்றது. ஒரு பெருமூச்சு கேட்டது.

"சரி. எப்ப கூட்டியாரட்டும்?"

அவ்வளவுதான். எத்தனையோ நாள் நான் தோண்டியது இந்த மூன்று வார்த்தைக்குத்தான். கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நிமிஷம் அத்தை என் முன்னால் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பேனோ தெரியாது.

"இது யாருடைய குரல் என்று தெரிகிறதா?" என்று வக்கீல் கேட்டார்.

பின் வரிசையில் ஹெல்மெட் அம்மாள் மடியில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொய் நன்றாக வரும் என்று அவருக்குத் தெரியும்.

"தெரியுதுங்க" என்றேன். "எங்க அத்தை குரல்."

வெளியே வந்தபோது அத்தை புங்க மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். பாப்பா அவர் தோளில் கன்னத்தை வைத்திருந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"என் குரல நானே அடையாளம் சொன்னாப் போதும், நீ கேக்க வேணாம்னு அந்தம்மா சொன்னாங்க. நாந்தான் அவளே கேக்கட்டும்னேன். என் வாயால உன்கிட்ட சொல்ல வரல." அவர் குரல் நடுங்கியது. "அன்னிக்கு அந்த ஜீப்பு வரலன்னா நான் கூட்டித்தான் போயிருப்பேன். மாத்திச் சொல்லி என்ன ஆவப்போவுது?"

கோபம் இருந்தது. இப்போதும் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். பாப்பாவை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அந்த நேரத்தில் என் பிள்ளை என் கையில் இருக்க வேண்டும் போல் இருந்தது.

பாப்பா வரவில்லை. முகத்தைத் திருப்பி, இரண்டு கையாலும் அத்தையின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அத்தை அவள் விரல்களைப் பிரித்து என்னிடம் கொடுக்கப் பார்த்தார், அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பிரிக்கப் பிரிக்க அவள் வீரிட்டாள். அவள் இடுப்பிலிருந்த முடிச்சு அவிழ்ந்து தொங்கியது. அதை எடுத்து இறுக்கிக் கட்டிவிட்டேன்.

"விடுங்கத்த, நீங்களே தூக்கிட்டு வாங்க" என்றேன். "பஸ்சுக்கு நேரமாவுது."